அம்மா கொழும்பில், மகன் முள்வேலிக்குள்

புதுச்சேரியின் திருக்கனூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன் ஒரு கேள்வி போட்டான். "சார், ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த யூதர்களை இங்கிலீஷ்காரன் எதுக்குப் புடிச்சு உள்ள வெச்சான்? ரெண்டு பேருக்கும் எதிரி ஒருத்தன்தானே?"

ஏதோ படம் பார்த்திருக்கிறான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பெரிய பெரிய புத்தகங்கள்கூட இதை ஓரமாகத்தான் தொட்டுவிட்டுப் போகின்றன. இன்னொரு டீ சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னேன். பெரிய குடும்பம் இல்லை. ஒரு தாய், ஒரே மகன். அவர்கள் வந்து சேர்ந்த இடமும் நமக்குத் தூரமில்லை, இலங்கைதான்.

மகன் பெயர் சீக்மண்ட் ஃபெனிகர். 1901-இல் ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்து ஊரான ஹானாவில் பிறந்தவர். தகப்பனார் செருப்புக் கடை வைத்திருந்தார். தாயார் சோஃபி. பையன் புத்தக வியாபாரத் தொழிலுக்குப் போனான். புத்தகத்தோடு புழங்குகிறவனுக்கு வருகிற வியாதிதான் இவனுக்கும் வந்தது: கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்து புத்த மதத்தில் போய் நின்றான். இலங்கைக்குப் போய் பிக்குவாக வேண்டும் என்று ஆசை. 1932-இல் தகப்பனார் காலமானார். தாயைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? போகவில்லை. அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

பிறகு நடந்ததைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதுபோலச் சொல்லலாம். 1935 நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையில் கை வைத்தன. நாட்டில் இருக்கலாம், நாட்டின் பிரஜை இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் ஃபெனிகர் தாயை அழைத்துக்கொண்டு வியன்னா போனார். அங்கே உறவினர் இருந்தார்கள், ஆஸ்திரியா அப்போது தனி நாடு. தாயை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு 1936-இல் இலங்கைக்குக் கப்பலேறினார். காலிக்குப் பக்கத்தில் தொடந்துவையில், கடல் ஏரி நடுவே ஒரு தீவு. அதில் ஞானதிலோக என்ற ஜெர்மானிய பிக்கு 1911-இல் அமைத்த மடம் இருந்தது. அங்கேதான் ஃபெனிகர் மொட்டையடித்து, மஞ்சள் துவராடை உடுத்தி, ஞானபோனிக ஆனார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவையும் விழுங்கினார். பாதுகாப்பான இடம் என்று நம்பி விட்டுவந்த தாய், ஒரே இரவில் மறுபடி அதே ஆட்சிக்குள்.

இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும், தம்பி. "தப்பி ஓடினார்கள்" என்று படத்தில் இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடுகிறார்கள். ஓடுவதற்கு முதலில் காகிதம் வேண்டும். 1938 அக்டோபரில் வந்த உத்தரவுப்படி யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு மையில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு 'ஜே' (J) என்ற எழுத்து குத்தப்பட்டது. யூதர் என்பதற்கு அடையாளம். 1939 ஜனவரி முதல், பெயரே யூதப் பெயராக இல்லாத பெண்கள் எல்லாரும் 'சாரா' என்றும், ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் கூடுதலாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பாத்தியம் முழுவதையும் வரியாகவும் அபராதமாகவும் பிடுங்கிக்கொண்டு, கையில் பத்து மார்க்கோடு அனுப்புவார்கள். பத்து மார்க்கோடு வருகிறவரை எந்த நாடு உள்ளே விடும்? 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின. ஏறக்குறைய எல்லா நாடும் அனுதாபத்தைக் கொட்டியது, கதவைத் திறக்கவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வர வேண்டுமானால், 'இவர் அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்க மாட்டார்' என்று இங்கே யாராவது பொறுப்பேற்க வேண்டும். பம்பாயில் 1934-இல் தொடங்கிய யூத நிவாரணச் சங்கம் பலருக்கு அப்படிப் பொறுப்பேற்றது. ஞானபோனிகருக்கோ கையில் காசில்லை. பிக்கு காசைத் தொடக்கூடாது என்பது விநய விதி. அவருக்குத் துணையாக நின்றவர்கள் கொழும்புச் செல்வந்தர் எர்னஸ்ட் டி சில்வாவும் அவர் மனைவியும். 1939-இல் தொடங்கிய இலங்கை வங்கிக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். அந்த 1939-ஆம் ஆண்டிலேயே சோஃபி அம்மையாரும் சில உறவினர்களும் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். டி சில்வா தம்பதி ஆதரவில் தங்க இடம் கிடைத்தது. மகனைப் பார்த்தாயிற்று.

செப்டம்பர் 3. பிரிட்டன் போர் அறிவித்தது. இலங்கையில் இருந்த ஜெர்மன் ஆண்களையெல்லாம் 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். துவராடை உடுத்திய யூத பிக்குவும் அதில் ஒருவர்.

பையன் கேட்டதற்கு இதுதான் பதில். அதிகாரி பார்த்தது ஆளை அல்ல, கடவுச்சீட்டை. அதில் ஜெர்மனி என்று இருக்கிறது, ஜெர்மனி எதிரி நாடு, முடிந்தது. ரேஷன் கார்டில் செத்துப்போனவர் பெயர் இருந்தால் அவருக்கும் அரிசி உண்டு, உயிரோடு இருப்பவர் பெயர் விட்டுப்போயிருந்தால் அவருக்கு இல்லை என்று சொல்கிற கணக்குதான். 1938 அக்டோபருக்குப் பிறகு கிளம்பிவந்த யூதர்களுக்கு, சிவப்பு 'ஜே' எழுத்தும் அதே காகிதத்தில்தான் இருந்தது. 'இவனை நாங்களே துரத்திவிட்டோம்' என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்த சாட்சி அது. அந்தப் பக்கத்தைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

நேரமில்லை என்பதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. 1940 கோடையில் பிரான்ஸ் சில வாரங்களில் சுருண்டது. அடுத்து நாம்தான் என்ற பீதியில் பிரிட்டனிலேயே சுமார் 27,000 பேரைப் பிடித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் யூத அகதிகள். அகதி வேஷத்தில் ஒரு உளவாளி இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை முழுக்க முட்டாள்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் இந்தியாவில் மால்கம் டார்லிங் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்துப் பலரை வெளியே விட்டது. ஆக, மனசு வைத்தால் ஆளைப் பார்க்க முடிந்திருக்கிறது.

1941-இல் ஜப்பான் பயம் வந்ததும் இலங்கையில் இருந்த கைதிகளை டேராடூனுக்கு மாற்றினார்கள். மகன் இமயமலை அடிவாரத்தில், தாய் கொழும்பில். அந்த முகாமில் நாஜிகளுக்கு ஒரு பகுதி, நாஜி எதிர்ப்பாளர்களுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துதான் பிரித்தார்கள், தெரிந்தும் வெளியே விடவில்லை! பின்னாளில் திபெத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹைன்ரிஷ் ஹாரர் 1944-இல் தப்பித்தது இந்த முகாமிலிருந்துதான். ஞானபோனிகர் தப்பிக்கப் பார்க்கவில்லை. பாலி மொழி நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 'சுத்த நிபாத' என்ற பௌத்த நூலின் மொழிபெயர்ப்பு அந்த வேலியின் விளைச்சல்.

1941 நவம்பர் 25-இல் பெர்லின் இன்னொரு உத்தரவு போட்டது. வெளிநாட்டில் வசிக்கும் யூதர் எவரும் இனி ஜெர்மன் குடிமகன் இல்லை. அதாவது, ஜெர்மன் சட்டப்படி ஞானபோனிகர் அன்றிலிருந்து ஜெர்மானியர் அல்ல. பிரிட்டிஷ் முகாமிலோ அவர் இன்னும் ஐந்து ஆண்டுகள் ஜெர்மானியராகவே இருந்தார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அம்மா அந்த ஊரில்.

"நம்ம பாண்டிச்சேரியில இந்தச் சட்டமெல்லாம் இருந்துதா சார்?" என்றான் பையன். வந்திருக்கலாம். மயிரிழையில் தப்பியது. பிரான்ஸ் விழுந்தபின் விஷி நகரில் அமைந்த அரசு ஹிட்லரோடு ஒத்துப்போனது. 1940 அக்டோபரில் யூதர்களுக்கெதிரான சட்டம் ஒன்றை அது கொண்டுவந்தது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீயும் யூதன். இருவர் என்றால் உன் மனைவி யார் என்பதைப் பொறுத்தது. அரசு வேலை போகும், வாத்தியார் வேலை போகும். புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் அதற்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பரில், ஹிட்லரை எதிர்த்து நின்ற தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். சுற்றிலும் பிரிட்டிஷ் பூமி, நமக்கோ ஒரு வாய்க்கால் தாண்டினால் அவன் எல்லை. வேறு வழி பெரிதாக இருக்கவுமில்லை. அப்போது புதுச்சேரியில் ஆசிரமத்தை நடத்திக்கொண்டிருந்த ஸ்ரீ அன்னை, மிர்ரா அல்ஃபாசா, பாரிஸில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்தவர்கள். விஷிக் கணக்குப்படி அவருடைய தாத்தா பாட்டி நால்வரும் யூதர். 1916-இல் பிரான்சை விட்டுக் கிளம்பியபோது விட்டுவந்த மகன் ஆந்திரேயை அவர் மறுபடி பார்த்தது 1949-இல்தான்.

ஆனால் அதே பிரெஞ்சுக் கொடி பறந்த சைகோன், விஷி பக்கமே நின்றது. யூதச் சட்டம் அங்கே அமலானது. பாகூரிலும் வில்லியனூரிலும் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்களைக் கேட்டால் தெரியும், சைகோனில் யாராவது ஒருவர் இல்லாத வீடு குறைவு. அண்ணன் சைகோனில், தம்பி இங்கே என்றால் இருவரும் பிரெஞ்சுப் பிரஜைகள்தான், ஆனால் ஒருவரையொருவர் துரோகி என்று சொன்ன இரண்டு பிரெஞ்சு அரசுகளுக்குக் கீழே. ஜப்பான் போரில் இறங்கியதும் கப்பலும் நின்றது, காசும் கடிதாசியும் தடைபட்டன. அவர்களை யாரும் யூதர்களைப்போல ரயிலேற்றிக் கொல்ல அனுப்பவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒரு தாய் தபால்காரரைப் பார்த்திருப்பது பாகூரிலும் நடந்தது.

போர் முடிந்தது 1945-இல். ஞானபோனிகரை விட்டது 1946-இல். தாயும் மகனும் பிழைத்திருந்தார்கள். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கணக்கில் பார்த்தால் இது பெரும் அதிர்ஷ்டம். சோஃபி அம்மையார் பௌத்தத்தைத் தழுவி, 1956-இல் இலங்கையிலேயே காலமானார். மகனுக்கு 1951-இல் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. 1958-இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நண்பர்களோடு தொடங்கி, 1994 வரை வாழ்ந்தார்.

தியத்தலாவைக்குத் திரும்பி வருகிறேன், அதில் நமக்கு ஒரு பாக்கி இருக்கிறது. ஊவா மலையில் இருக்கிறது அந்த ஊர். 1900-இல் தென்னாப்பிரிக்க போயர் போர்க் கைதிகளை அடைக்க உண்டாக்கிய முகாம் அது. அப்புத்தளை, பண்டாரவளை என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டம், தோட்டத்தில் நம் சனங்கள். ஜெர்மன் பிக்குவுக்குக் குடியுரிமை கொடுத்த அதே நாடு, 1948-இல் கொண்டுவந்த சட்டத்தால் அந்தத் தோட்டத் தமிழர்களில் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது சட்டம். லயத்து அறையில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? ஒரு பிக்குவுக்குப் பரிந்து பேச கொழும்பில் ஆளிருந்தது, இவர்களுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். தகப்பன் ஒரு விண்ணப்பத்தில், கல்யாணமான மகள் வேறு விண்ணப்பத்தில். ஒன்றுக்கு இந்தியா வந்தது, மற்றதற்கு இலங்கை வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போன ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் இருந்தது. நாடில்லாமல் எஞ்சி நின்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தர நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2003-இல்.