அறுந்துபோன 'வேண்டாம்': கைக்கடிகாரத் திரையும் எமது மொழியும்

நியூஜேர்சியில் வாழும் நண்பரொருவரின் இல்லத்துக்கு அண்மையில் நாம் சென்றிருந்தபோது, அவரது வயது முதிர்ந்த அன்னையாரின் மணிக்கட்டில் புதியதொரு கைக்கடிகாரத்தைக் கண்டோம். பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் அவருக்கு, மருந்து வேளைகளை அது தமிழிலேயே நினைவூட்டும். அன்று மருத்துவரின் அறிவுரைப்படி மகன் எழுதியனுப்பிய செய்தி, 'மாலைக் குளிசையை இன்று எடுக்க வேண்டாம்' என்பதாகும். திரையில் தெரிந்ததோ, 'மாலைக் குளிசையை இன்று எடுக்க...' என்பது மட்டுமே. மகன் தொலைபேசியில் மீண்டும் அழைத்தமையால் தவறு நேரவில்லை.

இத்தவறு எங்கே பிறந்தது? ஆங்கிலத்தில் இத்தகைய கட்டளையின் மறுப்புச் சொல் தொடக்கத்திலேயே வந்துவிடும்; வாக்கியத்தின் வால் அறுந்தாலும் கருத்துத் தப்பிப் பிழைக்கும். தமிழிலோ வினையும் எதிர்மறையும் இறுதியில் நிற்பன. வால் அறுந்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

இக்கடிகாரங்களின் வரலாறு கலிபோர்ணியாவின் வளைகுடாப் பகுதியோடு பிணைந்தது. 2012 இல் பாலோ அல்ரோவிலிருந்த பெபிள் நிறுவனம், பொதுமக்களிடம் ஒரு கோடி டொலருக்கு மேல் திரட்டி உருவாக்கிய கடிகாரத்தின் திரை, அகலத்தில் 144 புள்ளிகளும் உயரத்தில் 168 புள்ளிகளுமே கொண்டது. 2015 இல் விற்பனைக்கு வந்த அப்பிள் கடிகாரத்தின் சிறிய வகையில் அவை முறையே 272, 340 ஆயின. வட்டத் திரையாயின், அதனுள் அடங்கும் சதுரத்தின் பரப்பு முழுத் திரையில் ஏறத்தாழ 64 வீதம் மட்டுமே.

இத்துணைச் சிறிய இடத்தில் ஒழுங்கே முதன்மையானது. தேர்ந்த வடிவமைப்பாளர் நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரே இடத்தில் விதியாக வகுத்து, 'விட்ஜெற்' எனப்படும் சிறு தகவற் கட்டங்கள் யாவும் அதனையே பின்பற்றச் செய்வர். நிறத்தைச் 'சிவப்பு' என்னாது, அதன் பணியால் 'எச்சரிக்கை' என்றே பெயரிடுவர். அப்போது ஓரிடத்தில் அபாயத்தைக் குறித்த சிவப்பு, மற்றோரிடத்தில் வெறும் அலங்காரமாக வந்து நிற்காது. கண் மங்கிய முதியவர், எழுத்தைப் படிக்குமுன்னரே நிறத்தாலும் இடத்தாலும் பொருளை உணர்ந்துகொள்வார்.

ஆயினும் அவ்விதி ஆங்கில எழுத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பயனில்லை. எமது 'கி', 'கீ' மேலெழுவன; 'மூ', 'ழு' கீழிறங்குவன; சொற்களும் நீண்டவை. வரியின் உயரம் குறுகினால் குறிகள் வெட்டுப்படும். அப்பிள் கணினிகளில் இடம்பெற்ற தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றை வடிவமைத்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். எழுத்துக்கு வடிவம் தந்தவர் எம்மவர். அதற்குத் திரையில் உரிய இடம் ஒதுக்கும் பணியே எஞ்சியுள்ளது.

கலிபோர்ணியாவிலும் டெக்சாசிலும் மென்பொருள் துறையில் பணியாற்றும் எம் இளையோரிடம் நாம் வேண்டுவது இதுதான். வாக்கியத்தை ஒரே வரியில் அறுக்காது, அடுத்த வரிக்கு மடியவிடுங்கள். வெளியிடுமுன் நீண்ட தமிழ் வாக்கியங்களை இட்டுச் சோதியுங்கள். வட்டத் திரையிலும் பாருங்கள்.

நண்பர் அன்றிரவே செய்தியின் அமைப்பை மாற்றிக்கொண்டார். இப்போது அன்னையாரின் திரையில் முதலில் தெரிவது, 'வேண்டாம்: மாலைக் குளிசை' என்பதே. இலக்கணம் சற்று வளைந்தது. ஆனால் செய்தி முழுமையாகச் சென்று சேர்கிறது. மொழியை வளைக்காது திரையை வளைக்கும் நாள் எம் பிள்ளைகளின் கைகளிலேயே உள்ளதல்லவா?