ஜேசன் கோப்பில் அடையாள அட்டை எண்: ஏன் பிழை வருகிறது?

ஜொகூர் மாணவர் பட்டியலை ஜேசன் கோப்பாக எழுதி, ஜாவாஸ்கிரிப்டில் ஜேசன்.பார்ஸ் கொடுத்ததும் ‘சின்டெக்ஸ் எரர்’ வருதா? முதலில் அடையாள அட்டை எண்ணைப் பாருங்க.

2008-இல் பிறந்தவரின் எண் 08 என்று தொடங்கும். சுழியத்தில் தொடங்கும் இப்படிப்பட்ட எண்ணை ஜேசன் ஏற்காது. சுழியத்தை எடுத்துட்டா சரியாகிடும்னு நினைக்காதீங்க. 12 இலக்கம் 11 ஆகிடும், அப்புறம் தேடினா அந்த மாணவர் கிடைக்கமாட்டார். எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுச் சரமாக்குங்க. 07 என்ற ஜொகூர் தொலைபேசிக் குறியீட்டுக்கும் இதே விதிதான். கூட்டிக் கழிக்காத எண்களைச் சரமாக வைப்பதே பாதுகாப்பு.

இன்னும் பிழை வந்தா, இவற்றைப் பாருங்க:

1. ஒற்றை மேற்கோள் குறி இருக்கக் கூடாது.
2. கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி கூடாது.
3. குறிப்புரை எழுதக் கூடாது.

ஜாவாஸ்கிரிப்ட் இவற்றை ஏற்கும், ஜேசன் ஏற்காது. தேர்வுக்குப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துடாதீங்க.