எங்கள் வீட்டு வாசலில் ஒரு பூந்தோட்டம்



வீட்டின் முன் நாலு பூச்செடிகள் இருந்தால் அந்த வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும் அல்லவா? ஆனால் நம் காங்கேயத்தில் அது அத்தனை எளிதன்று. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு முக்கிய மழை. மண்ணோ சரளை கலந்த செம்மண். இத்தகைய ஊரில் நாங்கள் தோட்டம் போட்டுத் தோற்றதையும், பின்பு கற்றுக்கொண்டதையும் இங்கே கூறுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் வீட்டு முன்வாசல் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. அக்காளும் தங்கையுமான நாங்கள் எட்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படித்தபோது, உண்டியல் காசை எடுத்து, 8 ரோஜாச் செடிகளும் கொஞ்சம் புல்லும் வாங்கி நட்டோம். அது பங்குனி மாதம். தினமும் 8 குடம் தண்ணீர் ஊற்றினோம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அம்மாவிடம் திட்டும் வாங்கினோம். சித்திரை முடிவதற்குள் 6 ரோஜாக்கள் கருகிவிட்டன. புல் வைக்கோலாகிவிட்டது.

“தண்ணீருக்கும் கேடு, காசுக்கும் கேடு. வாசல் முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாம்” என்றார் அப்பா. எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அமுச்சிதான் எங்களைக் காப்பாற்றினார். “ஒரு வருசம் பொறுங்க மாப்பிள்ளை, அப்புறம் உங்க இஷ்டம்” என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “பங்குனி வெயில்ல வெச்சா வேரு எப்படிப் புடிக்கும் அம்மிணி? நம்ம கொறங்காட்டப் போய்ப் பாருங்க. அதுக்கு யாரு தண்ணி ஊத்தறாங்க?” என்றார்.

கொறங்காடு தந்த பாடம்

கொறங்காடு என்பது காங்கேயம் மாடுகள் மேயும் மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வேலாமரங்கள். தினமும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே இவை தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. காரணம் என்ன? கிளுவைப் போத்துகளை மழையை ஒட்டியே நடுகிறார்கள். அங்குள்ளவை எல்லாம் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை. புல் மூடியிருப்பதால் மண்ணின் ஈரம் சட்டென்று காய்வதில்லை. மழையோடு நடு, மண்ணுக்கேற்றதை நடு, மண்ணை மூடி வை என்ற இம்மூன்றையும் எங்கள் வாசலிலும் கடைப்பிடிக்கத் தீர்மானித்தோம்.

குழியும் நடவும்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்பார்கள். ஆனால் ஆடிக் காற்றில் எங்கள் வாசலில் இளஞ்செடி நிற்காது. எனவே புரட்டாசியில் 1½ அடி நீளம், அகலம், ஆழத்தில் குழிகள் தோண்டி இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டோம். நம் ஊரில் தேங்காய்க் களங்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து மட்டைகளை வாங்கி வந்து, உட்புறம் மேலே பார்க்கும்படி குழியின் அடியில் பரப்பினோம். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்து, வேருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். அதன்மேல் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். ஐப்பசியில் முதல் மழை பெய்து மண் நனைந்ததும் நட்டோம்.

எதை எங்கே நடுவது?

வெயில் விழும் இடத்தில் காகிதப்பூ, நித்தியகல்யாணி, பட்டு ரோஜா. சுவரோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை. நிழலில் டிசம்பர் பூ. சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை என 14 செடிகள் வைத்தோம். பிழைத்திருந்த 2 ரோஜாக்களையும் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினோம். அரளி நன்றாக வளரும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. வீட்டில் சிறு தம்பி இருப்பதால் அதை விட்டுவிட்டோம். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் இச்செடியிலிருந்து எடுக்கப்படுகின்றன. அதற்காக அதைக் கைவைத்தியமாகத் தின்னக்கூடாது! வாசற்படியின் முன் 4 அடி இடத்தைக் கோலத்துக்கு விட்டுவிட்டோம்.

பராமரிப்பு

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறோம். சோப்புத் தண்ணீரைச் சேர்ப்பதில்லை. ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு மண் கலயத்தைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்திருக்கிறோம். கலயத்தின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேரை நனைக்கும். செடிகளைச் சுற்றிலும் சருகும் தேங்காய் நாரும் பரப்பி மூடாக்குப் போட்டிருக்கிறோம். களையை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடக்கூடாது. டெங்குவைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

கிடைத்த பலன்

சென்ற சித்திரையில் எங்கள் 14 செடிகளில் 12 பிழைத்துக்கொண்டன. 8 குடம் ஊற்றிய இடத்தில் இப்போது 2 குடம் போதுமானதாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நாம் அறிந்ததே. கூரைத் தண்ணீர் குழாய் வழியே இறங்குகிறது. சிமெண்ட் போடாத எங்கள் வாசலோ தன்மேல் விழும் மழையைத் தானே குடித்துக்கொள்கிறது.

அப்பா சொன்ன ஒரு வருசமும் முடிந்தது. வண்டி போகும் தடத்துக்கு மட்டும் சிமெண்ட் போட்டார். ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது, அவர் குனிந்து ரோஜாவின் கலயத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டோம்.

தோழியரே, இந்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். உடனே செடி வாங்க ஓடாதீர்கள்! வாசலில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று இந்தக் கோடையில் பார்த்து வையுங்கள். சருகையும் சாணத்தையும் மக்கவிடுங்கள். புரட்டாசியில் குழி எடுங்கள். மழை வந்ததும் நடுங்கள். அடுத்த கோடையில் உங்கள் வாசலிலும் பூக்கள் சிரிக்கும்.

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி