ரெப்போ குறைந்தது, உங்கள் தவணை குறைந்ததா?

பெரியகுளம் தென்கரையில் வீட்டுக்கடன் கட்டுபவர்களிடம் "வட்டி எத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலோர் தவணைத் தொகையைத்தான் சொல்கிறார்கள்.

மாதந்தோறும் 12ஆம் தேதியை ஒட்டி வெளியாகும் சில்லறைப் பணவீக்கம், தக்காளி விலை எகிறிய 2023 ஜூலையில் 7.44 சதவீதம், 2025 அக்டோபரில் 0.25. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4. விலைவாசி அடங்கினால் வட்டி இறங்கும் என்று சந்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். செய்தி படித்தபின் பங்கு வாங்க ஓடாதீர்கள். கடன் கணக்கைப் பாருங்கள்.

2025இல் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.50 சதவீதத்திலிருந்து 5.25 ஆனது. இருபது ஆண்டுக்கு வாங்கிய 20 லட்சம் ரூபாய்க் கடனில் இந்த 1.25 சதவீதம் முழுதாகக் கிடைத்தால் தவணை மாதம் சுமார் 1,500 ரூபாய் குறையும். 2019 அக்டோபர் முதல் வணிக வங்கிகள் தந்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலைச் சார்ந்தவை. இவற்றில் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முந்தைய, வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டி கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். கடன்கள் நீங்கள் கேட்காமல் ரெப்போவுக்கு மாறாது. 2022-23இல் ரெப்போ 2.5 சதவீதம் ஏறியபோது தவணைத் தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்த பலருக்குக் கடன் ஆண்டுகள்தான் நீண்டன.

கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: என் கடன் எந்த அளவுகோலில் இருக்கிறது, அதற்கு மேல் எவ்வளவு கூட்டுகிறீர்கள், அடுத்த திருத்தம் எப்போது, மீதித் தவணைகள் எத்தனை? பழைய கடன் என்றால் ரெப்போவுக்கு மாற்றக் கோரி, அதற்கான கட்டணத்தையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "சொல்லிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்பார்கள். முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள்.

30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் அதன் இணையதளத்திலோ தபாலிலோ புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். விவரம் கேட்க 14448. முதலில் வங்கியிடம் முறையிடாத புகார் தள்ளுபடியாகும். முத்திரைப் பிரதியை நான் வலியுறுத்துவது அதனால்தான்.

வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு ரெப்போ இணைப்புக் கட்டாயமில்லை. அங்கே வட்டி இறங்காவிட்டால் கடனை வங்கிக்கு மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே அடைக்கும் அபராதம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானத்தை ரத்து செய்யவும் புதியதைப் பதியவும் ஆகும் செலவு, வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.