பழம் கப்பலேறியது, நஞ்சு மண்ணில் தங்கியது

கரீபியன் கடலில் மார்ட்டினிக் தீவில் எங்கள் சுற்றுலாக் கப்பல் ஒரு பகல் நின்றது. எல்லாரும் கடற்கரைக்குப் போக, நான் ஃபோர்-டி-பிரான்ஸ் சந்தைக்குப் போனேன். சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் நம்ம ஊர் மாதிரியே குவிஞ்சு கிடந்தன. ஆனால் அங்கே கிழங்கு வாங்க, எந்த மண்ணில் விளைந்தது என்று விசாரிக்கணும்.

காரணம், குளோர்டெகோன். வாழைக் கூன்வண்டைக் கொல்ல இங்கும் குவாதலூப்பிலும் 1972 முதல் 1993 வரை போட்ட மருந்து. பிரான்ஸ் 1990-ல் தடை செய்தும் இந்தத் தீவுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஏற்றுமதியான பழத்தில் நஞ்சு ஏறவில்லை. மண்ணில் தங்கி, உள்ளூர்க்காரர் சாப்பிடும் கிழங்கிலும் மீனிலும் ஏறியது. இன்று பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தத்தில் அது இருக்கிறது. மண் தெளியப் பல நூறு ஆண்டுகள் ஆகலாமாம்.

வங்கியில் வாராக்கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம். இந்தக் கடனைப் பேரப்பிள்ளைகள்தான் கட்டணும்.

வாழை போடும் நண்பர்களே, கூன்வண்டுக்கு நம்மிடம் வழி இருக்கு. நல்ல கன்றாகப் பார்த்து, கிழங்கைத் தோல் சீவி நடுங்கள். குழிக்கு வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். வெட்டிய வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து தோட்டத்தில் கவிழ்த்து வைத்தால் வண்டு தானே வந்து அடையும், பொறுக்கி அழித்துவிடலாம்.