கையில் கத்தி இல்லை, எதிரே மரமும் இல்லை

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அப்படிப்பட்ட நான், பேசாமல் நடிக்கக் கற்றுத்தர அசாம் ஜாவா போனேன். கோயில் மண்டபம், பதினாறு இடைநிலைப்பள்ளி மாணவர்கள், ஒரே ஒரு மின்விசிறி.

நாடகப் போட்டிக்காக வசனத்தை நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனால் ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், எதிரில் நிற்பவர் கூரையைப் பார்க்கிறார். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆறாம் ஆண்டில் மேடையில் வரி மறந்து அழுதவள் நான்.

பிரதியை மூடிவைத்துவிட்டு விளையாடத் தொடங்கினோம். முதலில் கண்ணாடி. இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் அசைவார், மற்றவர் பிம்பம். அவசரப்பட்டு அசைத்துப் பிம்பம் தடுமாறினால் தவறு அசைத்தவருடையது. அடுத்து, இல்லாத பந்தை எறிவது. ‘இப்போது அது தேங்காய்’ என்றதும் பிடிப்பவரின் முழங்கை இறங்க வேண்டும். பிறகு ‘ஆமாம், அதோடு’. “பஸ் பஞ்சர்” என்று ஒருவர் சொன்னால், “ஆமாம், அதோடு டிரைவரையும் காணோம்” என்று அடுத்தவர் வளர்க்க வேண்டும். “இல்லையே” என்றால் கதை அங்கேயே படுத்துவிடும்.

கண்ணாடியும் பந்தும் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் வகுத்த பயிற்சிகளில் உள்ளவை. சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவான விளையாட்டுகளை 1963இல் நூலாக்கினார். தமிழில் இந்த உடல்மொழிப் பயிற்சியைப் பார்க்க விரும்பினால், ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறைதான் நினைவுக்கு வரும். தெருக்கூத்திலிருந்து எடுத்துக்கொண்ட பயிற்சி அது. பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கே தேறியவர்கள்.

மதியம், “தாத்தா பாட்டி செய்த வேலையைப் பேசாமல் செய்து காட்டுங்கள்” என்றேன். இந்த வட்டாரத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. பால்மரக் காலம் பிள்ளைகளுக்குக் கதைதான். ஒரு பையன் எழுந்து, காய்கறி நறுக்குவதுபோலக் காற்றை நாலு வெட்டு வெட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி சிரிக்கவில்லை. “கோட்டுப்பால உரிக்காம எப்படிடா வெட்டுவ?” என்று எழுந்து வந்தார். முந்தின நாள் காய்ந்த பாலை நீளமாக இழுத்து உரித்தார். கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, இடமிருந்து வலம் சரிவாக, காலை நகர்த்தி நகர்த்தி மரத்தைச் சுற்றினார். குனிந்து மங்கைத் துடைத்து வைத்தார். அடுத்த மரத்துக்கு நடந்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மரத்தின் பருமன்கூட எங்களுக்குத் தெரிந்தது!

அப்புறம் பேரனைப் பின்னால் நிறுத்திக் கண்ணாடி விளையாட்டு. வெறும் வாளிக்கு ஒரு நடை, பால் நிறைந்த வாளிக்கு வேறு நடை என்று பாட்டி திருத்தினார். மாலை ஐந்து மணிக்குக்கூட அவனுடைய வாளி தளும்பிக்கொண்டுதான் இருந்தது.

நாடகத்தில் இப்போது இரண்டு நிமிடம் வசனமே இல்லாத காட்சி ஒன்று சேர்ந்திருக்கிறது. “அக்கா, பேசாததுக்கு மார்க் குடுப்பாங்களா?” என்று கேட்டான் பையன். விதிமுறையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.