இரவில் விழித்திருக்கும் செடி

படப்பை என்னும் சொல்லுக்கு வீட்டை அடுத்த தோட்டம் என்பது பழைய பொருள். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அப்பெயருடைய ஊர் ஒன்று உள்ளது. அருகிலுள்ள ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர் அங்கு வாடகை அறைகளில் தங்கியிருக்கின்றனர். கொல்லை இல்லாத அவ்வறைகளில் தோட்டம் என்பது சன்னலோரத் தொட்டி ஒன்றே.

என் பழைய மாணவர் ஒருவர் அவ்வாறு பாம்புச்செடி ஒன்றை வளர்த்தார். பணி முடிந்து திரும்பும்போதெல்லாம் தவறாமல் நீர் ஊற்றினார். சில வாரங்களில் இலைகள் அடியில் குழைந்து சாய்ந்தன. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினார். வேரும் அழுகியது.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, நம் மரலுக்கு நெருங்கிய உறவு. மருள் என்றும் வழங்கும் மரலின் நாரில் வில்லுக்கு நாண் திரித்தனர். மழை வறண்ட காட்டில் மரையா என்னும் விலங்கு மரலைத் தின்பதைக் கலித்தொகையின் பாலைப்பாட்டு ஒன்று காட்டுகிறது. மற்றவை கருகிய பின்னும் மரலின் தடித்த இலையில் நீர் எஞ்சியிருக்கும்.

பாம்புச்செடியும் அவ்வாறே நீரைச் சேமிக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீர் ஆவியாகிறது. பாம்புச்செடியோ வெயில் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து, ஏற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை மூடி, அதனைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. ஒரகடத்தில் இரவு முறைப்பணி செய்வோருக்கு ஏற்ற துணைதான்!

எனவே, மேல்மண்ணை மட்டுமன்றி, விரலை ஆழ நுழைத்துப் பார்த்து, மண் நன்கு உலர்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் குறைக்கலாம். தொட்டியின் அடியில் துளையும், மண்ணில் மணற்கலப்பும் இன்றியமையாதவை. மங்கிய ஒளியிலும் இது பிழைக்கும். வெளிச்சம் மிகுந்தால் செழிக்கும். நாயும் பூனையும் இலையைக் கடிக்காதவாறு வைப்பது நல்லது.

இரவெல்லாம் ஆக்சிஜன் தரும் செடி என்று இதனை விற்பதுண்டு. இரவில் திறப்பது இலைத்துளையே. ஒளியின்றி ஆக்சிஜன் உண்டாவதில்லை. காற்றைத் தூய்மையாக்கும் என்னும் புகழுக்கு 1989ஆம் ஆண்டு நாசா வெளியிட்ட ஆய்வு ஒரு காரணம். அது மூடிய சிறு பெட்டிக்குள் நிகழ்த்தப்பட்டது. முந்தைய சோதனைகளை 2019இல் மீண்டும் கணக்கிட்டவர்கள், சன்னல் திறப்பதற்கு ஈடாகச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கண்டனர். சன்னலைத் திறப்பது எளிது.

அழுகிய செடியில் நலமாயிருந்த ஓர் இலையின் மேற்பகுதியை மாணவர் வெட்டி, வெட்டுவாய் உலர்ந்தபின் மணலில் ஊன்றினார். பொறுமையாகக் காத்திருந்தபின் கன்று வந்தது. ஆனால், தாய்ச்செடியின் மஞ்சள் விளிம்பு அதற்கு இல்லை. அவ்விளிம்பு வேண்டுமெனில் மண்ணுக்கடியிலுள்ள தண்டைப் பிரித்து நடவேண்டும். இலைத்துண்டு அதனைக் கடத்துவதில்லை. முழுப்பச்சையான அக்கன்றுக்கு இப்போது மண் காய்ந்த பின்னரே நீர் கிடைக்கிறது.